நாங்க என்ன நார்மல் லாஸா?

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. காஸ்ட் அக்கவுண்டிங் பிடிக்காதவர்களும் படிக்கலாம், பயப்பட வேண்டாம்.

போன வாரம் காலேஜ் கேன்டீனில் ஒரு நண்பன் போனைத் தூக்கிக் காட்டினான். ஸ்பீட் டெஸ்ட். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று எடுத்ததாம், முந்நூத்திச் சொச்சம் எம்.பி. "2022 அக்டோபர்லயே 5ஜி வந்தாச்சு, இன்னும் சிக்னல் சிக்னல்னு அழுதுகிட்டு இருக்கீங்களேடா"ன்னு ஒரு சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வெள்ளிமலைப் பக்கத்துப் பையன். ஒன்றும் பேசவில்லை. வடையைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து எனக்குப் போன் போட்டால் "ஹலோ... கேக்குதா... ஹலோ" என்பதுதான் மொத்த உரையாடலும்.

அந்த முந்நூறுக்கும் இந்த ஹலோவுக்கும் நடுவில் இருக்கும் விஷயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு சேவையின் தரத்தை யார் அளக்க வேண்டும்? விற்கிறவனா, வாங்கிப் பயன்படுத்துகிறவனா?

முதலில் ஒரு சின்ன கணக்கு. சாதாரண மொபைல் அழைப்பில் நம் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு அதிகபட்சம் நொடிக்கு 12.2 கிலோபிட் போதும். முந்நூறு எம்.பி. வேகத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் பேசலாம் என்று கணக்கு வரும். அப்படியிருந்தும் ஒருத்தனோடு ஒருத்தன் பேச முடியவில்லை என்றால், பிரச்சினை வேகத்தில் இல்லை. பேச்சுக்குத் தேவை, பாக்கெட்டுகள் தொலையாமல், தாமதிக்காமல், சீராக வந்து சேர்வது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் நல்லது என்பது ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. சொல்லும் கணக்கு. அதைத் தாண்டித் தாண்டிப் போனால் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு" "இல்ல நீ சொல்லு" என்று ஒரு நிமிஷம் போய்விடும். ஸ்பீட் டெஸ்டின் பெரிய எழுத்து எண் இதைக் காட்டாது.

"தரம்ங்கறது மனசு சம்பந்தப்பட்டது, அதை எப்படி அளக்கறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன், இதற்கு அளவுகோல் எப்போதோ வந்துவிட்டது. ஐ.டி.யு. 1996-ல் வெளியிட்ட பி.800 என்ற பரிந்துரையில் வழிமுறை தெளிவாக இருக்கிறது. ஆட்களைக் கூட்டி, குரலைக் கேட்க வைத்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்வது. 5 என்றால் பிரமாதம், 4 நல்லா இருக்கு, 3 சுமார், 2 மோசம், 1 படுமோசம். எல்லாருடைய மார்க்கையும் கூட்டி வகுத்தால் சராசரி அபிப்பிராய மதிப்பெண். அப்புறம் ஆட்களைக் கூட்டாமல் கம்ப்யூட்டரே அந்த மார்க்கைக் கணிக்கும் முறைகள் வந்தன. 2001-ல் பெஸ்க், 2011-ல் போல்கா. 2016-ல் நெட்ஃப்ளிக்ஸ் வீமாஃப் என்ற பெயரில் மனிதக் கண்ணுக்குப் படம் எப்படித் தெரியும் என்று மார்க் போடும் மென்பொருளையே வெளியிட்டது. வீடியோவில் எத்தனை தடவை சக்கரம் சுற்றியது, எத்தனை தடவை படம் மங்கித் தெளிந்தது என்பதையெல்லாம் சேர்த்து 1 முதல் 5 வரை மார்க் போட ஐ.டி.யு.விடம் பி.1203 இருக்கிறது.

இன்னொன்று. பயனர் அனுபவத் தரம் என்பதற்கு ஐ.டி.யு. கொடுக்கும் விளக்கமே "பயன்படுத்துகிறவரின் மகிழ்ச்சி அல்லது எரிச்சலின் அளவு" என்கிற மாதிரிதான் இருக்கிறது. ஆமாம் மக்களே, எரிச்சல் என்பது சர்வதேச தொழில்நுட்பச் சொல். நம்மிடம் அது எக்கச்சக்கமாக இருக்கிறது. அளக்கத்தான் ஆள் இல்லை.

சரி, நம் ஊரில் எப்படி அளக்கிறார்கள்?

டிராய் 2009-ல் போட்ட விதிப்படி, பாதியில் அறுந்துபோகும் அழைப்புகள் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு சர்க்கிள் முழுவதுக்குமான சராசரி. நம் சர்க்கிள் எது? சென்னை, கோயம்புத்தூர், மதுரை, புதுச்சேரி, கல்வராயன் மலை எல்லாம் சேர்ந்த ஒரே தமிழ்நாடு சர்க்கிள். தி.நகரில் அறுந்துபோகாத அழைப்புகள், வெள்ளிமலையில் அறுந்துபோன அழைப்புகளை மூடி மறைத்துவிடும். சராசரியில் ஏமாற்று வேலை நடக்கிறது என்று டிராய்க்கே தோன்றியிருக்க வேண்டும். 2017 அக்டோபரில் முறையை மாற்றினார்கள். குறைந்தது 90 சதவீத செல்கள், குறைந்தது 90 சதவீத நாட்களில், அந்த 2 சதவீத வரம்புக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் 10 சதவீத செல்கள் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அண்ணா சாலையிலா?

இங்கேதான் எனக்கு எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடம் ஞாபகம் வருகிறது. பிராசஸ் காஸ்டிங்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று ரெண்டு உண்டு. நூறு கிலோ மூலப்பொருள் போட்டால் ரெண்டு கிலோ ஆவியாகிப் போவது இயல்பு என்றால் அது நார்மல் லாஸ். அதற்காக யாரும் யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதன் செலவை நல்ல சரக்கின் மேல் ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அதற்கு மேல் போனால்தான் அப்நார்மல் லாஸ். அதற்குத் தனிக் கணக்கு திறக்க வேண்டும், லாப நட்டக் கணக்கில் பற்று எழுத வேண்டும், மேனேஜர் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், அந்த 2 சதவீதமும் 10 சதவீதமும் என்ன? நாங்கள்தான். ஆவியாகிப் போகிற சரக்கில் ஒரு வித்தியாசம், அது எப்போதும் ஒரே மூலையிலிருந்து போகாது. எங்கள் விஷயத்தில் தினமும் அதே மலை, அதே ஊர்கள், அதே ஆட்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் நட்டத்துக்கு நார்மல் என்று பெயர் வைத்தால் எங்கள் சாரே பேப்பரில் சுழித்துவிடுவார்.

இது என் கற்பனை ஒப்புமை மட்டும் இல்லை. 2015 அக்டோபரில் டிராய் ஒரு விதி போட்டது. அறுந்துபோகும் ஒவ்வொரு அழைப்புக்கும் 1 ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3 ரூபாய், வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் அமல். கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2016 மே 11-ல் அந்த விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. கம்பெனிகளின் முக்கியமான வாதங்களில் ஒன்று இதுதான்: 2 சதவீதம் வரை அறுந்துபோகலாம் என்று நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள், அதற்குள் இருக்கும்போது எதற்கு அபராதம்? சட்டப்படி அது செல்லுபடியாகும் வாதமாக இருக்கலாம். ஆனால் என் கையில் அறுந்துபோன அழைப்புக்கு 2 சதவீதம் என்று ஒன்று கிடையாது. எனக்கு அது 100 சதவீதம்.

அடுத்தது இன்னும் சுவாரசியமான சமாச்சாரம். அறுந்துபோகவே போகாத அழைப்பு. உங்களுக்கும் நடந்திருக்கும். திடீரென்று எதிர்முனைக் குரல் காணாமல் போகும். திரையில் நிமிஷம் நொடி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய ஜி.எஸ்.எம். நெட்வொர்க்கில் இதற்குப் பின்னால் ரேடியோ லிங்க் டைம்அவுட் என்று ஒரு அமைப்பு உண்டு. சுமார் அரை நொடிக்கு ஒரு முறை (சரியாகச் சொன்னால் 480 மில்லிசெகண்ட்) வரும் ஒரு கட்டுப்பாட்டுச் செய்தியைப் போனால் படிக்க முடியாவிட்டால் ஒரு எண் ஒன்று குறையும். படிக்க முடிந்தால் ரெண்டு கூடும். எண் பூஜ்யம் ஆனால்தான் அழைப்பு அறுந்ததாகக் கணக்கு. அந்த எண்ணை எவ்வளவில் ஆரம்பிப்பது என்பது கம்பெனி கையில். 4 என்று வைத்தால் ரெண்டு நொடியில் முடிந்துவிடும். 64 என்று வைத்தால் அரை நிமிஷத்துக்கு மேல் உயிரோடு தொங்கும். அரை நிமிஷம் ஒன்றும் கேட்காமல் யார் காத்திருப்பார்? நாமே கட் பண்ணிவிடுவோம். நாம் கட் பண்ணினால் அது வாடிக்கையாளர் தானாக முடித்துக்கொண்ட அழைப்பு. வெற்றிகரமான அழைப்பு! 2016 வாக்கில் டிராயும் இதைக் கவனித்து, பேச்சும் விவாதமும் நடந்தது. அப்படி ஏமாற்றவில்லை என்று கம்பெனிகள் மறுத்தார்கள். ஏமாற்றினார்களா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. ஏமாற்றுவதற்கு இடம் கொடுக்கும் அளவுகோல் என்பதே என் பிரச்சினை. இன்றைய 4ஜி அழைப்பில் குரலே பாக்கெட்டாகப் போகிறது. பாக்கெட் தொலைந்து குரல் செத்தாலும் அழைப்பு உயிரோடு இருக்கலாம்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் கருணாபுரம். பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வரும், தெரியும். 2024 ஜூன் மாதம், மெத்தனால் கலந்த சாராயம், 60-க்கும் மேற்பட்ட சாவு. அதைப் பற்றி எழுத இது இடம் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்களைக் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலு ஊர் ஆஸ்பத்திரிகளில் சேர்த்திருந்தார்கள். வீட்டில் ஒருத்தர் ஒரு ஊரில், இன்னொருத்தர் இன்னொரு ஊரில். தெரு முழுக்கக் கூட்டம், ஒரே நேரத்தில் எல்லார் கையிலும் போன். எங்கள் தெரு அக்கா ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பை எடுத்து, ஒன்றும் கேட்காமல், "என்ன சொன்ன? என்ன சொன்ன?" என்று கத்திக்கொண்டே தெருமுனை வரைக்கும் ஓடினார். கடைசியில் அவரே கட் பண்ணித் திரும்பப் போட்டார். நாலைந்து தடவை. என்ன செய்தி என்று தெரிய வெகுநேரம் ஆனது.

அந்த நாலைந்தும் கணக்கில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் இதையெல்லாம் படித்தபோது தோன்றியது. அவராகத்தானே கட் பண்ணினார்!

ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பேசினால் எந்த டவரும் திணறும், இது நியாயமான பதில்தான். திணறியது குற்றம் என்று நான் சொல்லவில்லை. திணறியது ஏட்டில் ஏறவே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். ஏட்டில் ஏறாத நட்டத்தை யார் சரி பண்ணுவார்?

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. டவரில் இருக்கும் கணக்கு, டவரைத் தொட்ட அழைப்புகளுக்கு மட்டும்தான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ஏறும் வழியில் சிக்னலே இல்லாத வளைவில் நின்று ஒருத்தர் 108-க்குப் போட்டுப் போகவில்லை என்றால், அந்த முயற்சி எந்த டவர் ஏட்டிலும் கிடையாது. அறுந்துபோன அழைப்பாவது ஒரு எண்ணாக இருக்கும். தொடங்காத அழைப்பு எண்ணாகக்கூட இருக்காது. அதாவது, சேவை எவ்வளவுக்கு எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஏடு சுத்தமாக இருக்கும்.

இப்போது வீடியோ பக்கம் வருவோம்.

2020-ல் பள்ளிக்கூடம் மூடியபோது நான் பத்தாம் வகுப்பு. கொரோனா ஊரடங்கின் ஆரம்பத்தில், மார்ச் மாதக் கடைசியில், நெட்வொர்க் தாங்காது என்று மொபைலில் வீடியோ தரத்தை 480பி-க்குக் குறைப்பதாகப் பெரிய கம்பெனிகள் எல்லாம் அறிவித்தன. பத்திரிகைகளில் பெரிய செய்தி. எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது, ஏனென்றால் 480பி-யை நாங்கள் பார்த்ததே அபூர்வம். 144பி-யில் கணக்குப் பாடம் பார்த்திருக்கிறீர்களா? போர்டில் இருப்பது 3-ஆ 8-ஆ 6-ஆ என்று தெரியாது. கிரிக்கெட் என்றால் பந்து தெரியாவிட்டாலும் ஸ்கோர் தெரிந்துவிடும். பேரேட்டில் 8,360-க்கும் 3,860-க்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் இருப்புநிலைக் குறிப்பு ஜென்மத்துக்கும் டேலி ஆகாது. வீடியோ நிற்காமல் ஓடியது என்பதால் கம்பெனி ஏட்டில் இதுவும் நல்ல சேவைதான். என்ன வேலைக்காகப் பார்க்கிறார் என்று கேட்காமல் தரம் அளக்க முடியாது.

அப்புறம் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழ்நாட்டில் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு என்று அறிவித்தார்கள். என் சித்தப்பா மகள், அக்கா, அப்போது காலேஜ். வீடு மலையடிவாரம் தாண்டி. அவருக்கும் கார்டு கிடைத்தது. வீட்டிலிருந்து ரோட்டு வளைவு வரை நடந்து வந்தால்தான் கிளாஸ் ஓடும், அதுவும் விட்டு விட்டு. அந்த 2 ஜி.பி.யைத் தினமும் நள்ளிரவில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். "தண்ணி வராத குழாய்க்குக் குடம் இலவசமாக் குடுத்திருக்காங்கடா" என்பார் அக்கா. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. அளவு ஜி.பி.யில் இருந்தது, தேவை வேறு எதிலோ இருந்தது.

2012-ல் அகமை கம்பெனியின் தரவை வைத்து ஒரு ஆராய்ச்சி வந்தது. கிட்டத்தட்ட 2 கோடியே 30 லட்சம் வீடியோ பார்வைகள். வீடியோ தொடங்க 2 நொடிக்கு மேல் ஆனால் ஆட்கள் விட்டுப் போக ஆரம்பிக்கிறார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு நொடிக்கும் 5.8 சதவீதம் பேர் கூடுதலாகப் போகிறார்கள் என்றது. இந்த மாதிரிக் கணக்குதான் வீடியோ கம்பெனிகளுக்கு வேதம். ஆள் போனால் காசு போகும், அதனால் தரத்தைப் பார்த்துப் பார்த்துச் சரி செய்கிறார்கள். ஆனால் அக்கா போகவில்லையே. வெயிலில் ரோட்டு வளைவில் நின்று இருபது நிமிஷம் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தார், ஏனென்றால் வருகைப்பதிவு வேண்டும். விட்டுப் போகிறவர்களை எண்ணி எரிச்சலை அளந்தால், விட்டுப் போக முடியாதவர்களுக்கு எரிச்சலே இல்லை என்று பதில் வரும். வேறு டவர் இல்லாத ஊரில் ஒருத்தர் கம்பெனி மாறாமல் இருப்பதை 'வாடிக்கையாளர் விசுவாசம்' என்று மார்க்கெட்டிங் பாடத்தில் எழுதினால் மார்க் கிடைக்கும். அது விசுவாசம் இல்லை என்று எழுதினால் கிடைக்குமா தெரியாது.

எதிர்த்தரப்பையும் பார்த்துவிடுவோம். மலையில் டவர் வைக்கக் காசு அதிகம், ஆள் குறைவு, வனத்துறை அனுமதி வேண்டும், கரண்ட் நிற்கும். எல்லாம் உண்மை. அதற்காகத்தான் 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 24,680 கிராமங்களுக்கு 4ஜி என்று 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை பி.எஸ்.என்.எல். கையில் கொடுத்தது. டவர் வரட்டும், சந்தோஷம். ஆனால் டவர் நின்றதும் அந்த ஊர் "சேவை கிடைத்த கிராமம்" ஆகிவிடும். அதற்கு அப்புறம் குரல் கேட்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

டிராய் சும்மா இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2017-ல் மைகால் என்ற ஆப் விட்டார்கள். பேசி முடித்ததும் 1 முதல் 5 நட்சத்திரம் போடலாம், அதே பி.800 மார்க்தான். 2024 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. தரத்தை மூணு மாசத்துக்கு ஒருமுறை பார்த்ததை 2025 ஏப்ரல் முதல் மாதாமாதம் ஆக்கினார்கள், எங்கே சேவை உண்டு என்று கம்பெனிகள் வரைபடம் போட வேண்டும், ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றுபோனால் வாடகைக் கழிவோ வேலிடிட்டி நீட்டிப்போ தர வேண்டும். எல்லாம் நல்லதே. ஆனால் எங்கள் துன்பம் 24 மணி நேரம் ஒரே கட்டாக வருவதில்லையே! இங்கே நாற்பது நொடி, அங்கே அஞ்சு நிமிஷம் என்று சில்லறையாக வருகிறது. சில்லறைக்கு ரசீது இல்லை.

சரி, என்னதான் வேணும் என்கிறாய்? இதோ:

1. டவரில் அளப்பதோடு போனிலும் அளக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் போகாத அழைப்பைப் போன் குறித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பட்டும். பேர், நம்பர் எதுவும் வேண்டாம், இடமும் நேரமும் போதும்.

2. முடிவை சர்க்கிள் வாரியாக இல்லாமல் ஊராட்சி வாரியாகப் போட வேண்டும். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் எல்லாம் சென்னைக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை.

3. மக்கள் போடும் நட்சத்திரம் அபராதக் கணக்கில் ஏற வேண்டும். அபராதம் நெட்வொர்க் எண்களுக்கு மட்டும், நம் நட்சத்திரம் அலங்காரத்துக்கு மட்டும் என்றால் எதற்கு அது?

4. முழுக்காசு வாங்கினால் முழுச்சேவை. சட்டத்தில் இடம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவையின் தரத்தில் இருக்கும் குறைபாட்டையே சேவைக் குறைபாடு என்கிறது, தொலைத்தொடர்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே போய் எதைக் காட்டுவது? அளவு ஏடு கம்பெனி கையில். அதனால்தான் முதல் மூணும்.

5. இது நமக்கு. நம் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் அரை ஜி.பி. வீடியோவைத் தள்ளிவிட்டு "எல்லாரும் பார்த்துடுங்க" என்கிறோம். நாற்பது நிமிஷப் பாடத்தின் குரல் மட்டும் என்றால், 24 கிலோபிட்டில் 7 எம்.பி.தான். கூடவே போர்டை நாலு போட்டோ. மலையில் இருப்பவனும் படிப்பான். தரத்தை நிர்வகிப்பது என்பது கம்பெனி வேலை மட்டும் இல்லை, அனுப்புகிற நம் வேலையும்தான்.

கடைசியாக ஒன்று. போன மாதம் நானே கஸ்டமர் கேருக்குப் போட்டேன். பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரிதான். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அந்தத் தம்பி சிஸ்டத்தைப் பார்த்துவிட்டு, "சார், உங்க ஏரியால எல்லாம் நார்மலா காட்டுது சார்" என்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிகிற திரையில் அப்படித்தான் இருக்கும். நன்றி சொல்லி வைக்கப் போனேன், அதற்குள் குரல் போய்விட்டது. நிமிஷம் ஓடிக்கொண்டே இருந்தது. நானே கட் பண்ணினேன்.

பி.கு: ஸ்பீட் டெஸ்ட் காட்டிய நண்பனுக்கு ஒரு சவால். அடுத்த ஞாயிறு வெள்ளிமலை வண்டி ஏறு, டிக்கெட் நான் எடுக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போட்டு "வந்துட்டேம்மா" என்று மட்டும் சொல்லிவிடு. அம்மாவுக்குக் கேட்டதா என்று அவங்ககிட்ட கேட்டுப் பின்னூட்டத்தில் எழுது. அந்த மார்க்கை நான் ஒத்துக்கொள்கிறேன்.